உளவுத் துறையில் வேலை: சினிமா வேறு, உண்மை வேறு!

ஓசூர் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. காலை நேரம். பெங்களூர் பஸ்சுக்காகக் காத்திருந்தேன்.

பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். தேன்கனிக்கோட்டைப் பக்கத்து விவசாயி. மடியில் ஒரு துணிப்பை. பைக்குள் மகனுடைய படிப்புச் சான்றிதழ்கள்.

"பையனுக்கு வேலை கிடைச்சிருக்குதுங்க" என்றார்.

"சந்தோஷம். எந்தக் கம்பெனியில்?" என்று கேட்டேன்.

பெரியவர் இரண்டு பக்கமும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"கம்பெனி இல்லீங்க. 'ரா'! உளவு வேலை. வெளியே சொல்லக் கூடாதாம்."

பிறகு விஷயம் மெல்ல மெல்ல வெளியே வந்தது.

யாரோ ஒருவன் போனில் பேசியிருக்கிறான். "நான் டெல்லியில் பெரிய ஆபீசர். உங்கள் பையனை ரகசியமாகத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். மொத்தம் 5 லட்சம் செலவாகும்" என்று சொல்லியிருக்கிறான். முன்பணம் 60 ஆயிரம் ரூபாய் கட்டியாகிவிட்டது. பெரியவரின் மனைவியுடைய சங்கிலி இப்போது அடகுக் கடையில் இருக்கிறது. தபாலில் ஓர் அடையாள அட்டை வந்திருக்கிறது. அதில் சிங்க முத்திரை பளபளக்கிறது. மீதிப் பணத்துக்கு வழி பார்க்க, பெங்களூரில் இருக்கும் உறவினர் வீட்டுக்குப் பெரியவர் புறப்பட்டிருக்கிறார்.

"இவ்வளவு பணம் கொடுக்கிறீர்களே, யாரிடமாவது விசாரித்தீர்களா?"

"எப்படிங்க விசாரிக்கிறது? ரகசிய வேலையாச்சே! வெளியே தெரிஞ்சா வேலை போயிடும்னு சொன்னாங்க."

அந்தப் பதில் என்னைத் திடுக்கிட வைத்தது. திருடன் பூட்டை உடைக்கவில்லை. ஏமாறுகிறவர் வாய்க்கே ஒரு பூட்டுப் போட்டுவிட்டான்! அந்தப் பூட்டின் பெயர்தான் "ரகசியம்".

வேலை ரகசியம், ஆள் எடுப்பது பகிரங்கம்!

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

உளவுத் துறையில் செய்கிற வேலைதான் ரகசியம். அந்த வேலைக்கு ஆள் எடுப்பது ரகசியம் அல்ல!

மத்திய உளவுத் துறையை 'ஐ.பி.' என்று சொல்கிறார்கள். இது மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. இந்தத் துறைக்கு ஆள் வேண்டுமானால் விளம்பரம் வருகிறது. பத்திரிகையில் வருகிறது. உள்துறை அமைச்சகத்தின் இணையதளத்தில் வருகிறது. எத்தனை இடம், என்ன படிப்பு, என்ன வயது, என்ன சம்பளம் என்று எல்லாம் அதில் அச்சாகி இருக்கிறது.

2025-ம் ஆண்டைப் பாருங்கள். உதவி மத்திய உளவு அதிகாரி வேலைக்கு 3,717 இடங்கள் அறிவிக்கப்பட்டன. இதற்குப் பட்டப் படிப்பு வேண்டும். பாதுகாப்பு உதவியாளர் வேலைக்கு 4,987 இடங்கள். இதற்குப் பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் போதும். இரண்டுக்கும் வயது 18 முதல் 27 வரை. சட்டப்படி சலுகை உள்ளவர்களுக்கு வயதில் தளர்வு உண்டு.

அதே ஆண்டில் மோட்டார் ஓட்டுகிறவர்களுக்கு 455 இடங்கள் வந்தன. பத்தாம் வகுப்புப் படிப்பு, டிரைவிங் லைசென்சு, ஓராண்டு அனுபவம் கேட்டார்கள். எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் போன்ற பிரிவுகளில் டிப்ளமோ படித்தவர்களுக்கும், சில பட்டப் படிப்பு படித்தவர்களுக்கும் 394 இடங்கள் வந்தன.

உளவுத் துறைக்கு டிரைவரா என்று ஆச்சரியப்படாதீர்கள். கம்பியில்லாக் கருவியைப் பழுது பார்க்க ஆள் வேண்டாமா? கம்ப்யூட்டரைக் கவனிக்க ஆள் வேண்டாமா? ஓசூர் சிப்காட் ஆலைகளில் வேலை தேடி வருகிற நம் டிப்ளமோ வாலிபர்கள் செய்கிற வேலைதான் அது.

மனுச் செய்வதற்குச் சில நூறு ரூபாய் கட்டணம். அவ்வளவுதான். அதற்கு மேல் யாராவது ஒரு ரூபாய் கேட்டாலும் அவன் மோசக்காரன்.

'ரா' என்று சொன்னால்?

'ரா' என்பது வெளிநாட்டுச் செய்திகளைத் திரட்டும் துறை. 1962-ல் சீனாவுடன் போர் வந்தது. 1965-ல் பாகிஸ்தானுடன் போர் வந்தது. அந்த இரண்டு போர்களும் கற்றுக் கொடுத்த பாடத்தால், 1968-ம் ஆண்டு செப்டம்பரில் இந்தத் துறை தனியாகத் தொடங்கப்பட்டது. ஆர்.என்.காவ் என்பவர் அதன் முதல் தலைவர்.

இந்தத் துறை, தெருவில் போகிற வாலிபனுக்குப் போன் செய்து வேலை கொடுப்பதில்லை. ஐ.பி.எஸ். போன்ற சர்க்கார் பணிகளில் ஏற்கெனவே சேர்ந்து, திறமையைக் காட்டியவர்களில் இருந்துதான் பெரும்பாலும் ஆள் எடுக்கிறார்கள்.

பி.ராமன் என்று ஒருவர் இருந்தார். சென்னைக்காரர். முதலில் ஆங்கிலப் பத்திரிகையில் நிருபராக இருந்தவர். 1961-ல் பரீட்சை எழுதி ஐ.பி.எஸ். அதிகாரி ஆனார். பிறகு 'ரா'வில் பணியாற்றி, பயங்கரவாதத் தடுப்புப் பிரிவின் தலைவராக இருந்து 1994-ல் ஓய்வு பெற்றார். அவர் உள்ளே போனதும் பரீட்சை என்ற வாசல் வழியாகத்தான். தரகர் வழியாக அல்ல.

ஆகவே, "உங்கள் பையனுக்கு 'ரா'வில் நேரடி வேலை" என்று யாராவது சொன்னால், யோசிக்கவே வேண்டாம். அது பொய்.

எல்லாம் ஒன்றா?

நம் ஜனங்களுக்கு இன்னொரு குழப்பம் இருக்கிறது. சி.பி.ஐ., சி.ஐ.டி., ஐ.பி., 'ரா' எல்லாம் ஒன்று என்று நினைக்கிறார்கள்.

அப்படி அல்ல.

சி.பி.ஐ. என்பது நடந்த குற்றத்தை விசாரிக்கும் துறை. 1963-ல் அமைக்கப்பட்டது. லஞ்சம், பெரிய மோசடி, கொலை போன்ற வழக்குகளை எடுத்து விசாரிக்கிறது. கோர்ட்டில் குற்றப் பத்திரிகை தாக்கல் செய்கிறது.

என்.ஐ.ஏ. என்பது பயங்கரவாத வழக்குகளை விசாரிக்கும் துறை. 2008-ல் மும்பையில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு அது வந்தது.

தமிழ்நாட்டுப் போலீசில் உளவுப் பிரிவுகள் இருக்கின்றன. தனிப்பிரிவு சி.ஐ.டி. உண்டு. 'கியூ' பிரிவு உண்டு. இவற்றில் இருப்பவர்கள் போலீஸ்காரர்கள். சீருடைப் பணியாளர் தேர்வு எழுதிப் போலீசில் சேர்ந்து, அங்கிருந்து போனவர்கள்.

ஐ.பி. என்பது நாட்டுக்கு உள்ளே செய்தி திரட்டும் துறை. இதன் தொடக்கம் 1887-ல், வெள்ளைக்காரர் காலத்தில். சுதந்திர இந்தியாவில் இதற்கு முதல் தலைவராக இருந்தவர் யார் தெரியுமா? சென்னை மாகாணப் போலீஸ் அதிகாரி டி.ஜி.சஞ்சீவி! 1947-ல் அவர் அந்தப் பொறுப்புக்கு வந்தார்.

சி.பி.ஐ. நடந்ததை விசாரிக்கிறது. ஐ.பி. நடக்கப் போவதை முன்கூட்டியே அறிந்து சொல்கிறது. வித்தியாசம் அதுதான்.

கைது செய்ய அதிகாரம் உண்டா?

ஐ.பி. அதிகாரிக்குக் கைது செய்யும் அதிகாரம் கிடையாது!

அவர் செய்தியைத் திரட்டி மேலே அனுப்புவார். கைது செய்ய வேண்டியது போலீசாரின் வேலை.

இது தெரியாததால் எத்தனை குடும்பங்கள் கண்ணீர் விடுகின்றன! போன் மணி அடிக்கிறது. "நான் உளவுத் துறை அதிகாரி பேசுகிறேன். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப் பொருள் இருக்கிறது. உங்களைக் கைது செய்துவிட்டோம். போனை வைக்கக் கூடாது. யாரிடமும் பேசக் கூடாது" என்று மிரட்டுகிறார்கள். இதற்கு 'டிஜிட்டல் கைது' என்று ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள்.

போன் வழியாகக் கைது செய்ய இந்த நாட்டில் எந்தச் சட்டமும் இல்லை. பிரதமரே 2024 அக்டோபரில் வானொலியில் பேசியபோது இதைச் சொல்லி எச்சரித்தார்.

கவனித்தீர்களா? இங்கேயும் அதே பூட்டுத்தான். "யாரிடமும் பேசக் கூடாது!" வேலை வாங்கித் தருகிறேன் என்பவனும் அதையே சொல்கிறான். கைது செய்கிறேன் என்பவனும் அதையே சொல்கிறான். யாரிடமும் பேசாதே என்று எவன் சொல்கிறானோ, அவனைப் பற்றி உடனே நாலு பேரிடம் பேசுங்கள். 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சைபர் மோசடிகளைப் பற்றிப் புகார் செய்வதற்கென்றே உள்ள எண் அது.

துப்பாக்கி எங்கே?

சினிமாவில் உளவாளி வருகிறான். கறுப்புக் கண்ணாடி. வேகமான கார். கையில் துப்பாக்கி. பக்கத்தில் அழகி. மாடிக்கு மாடி தாவுகிறான்.

உண்மையான உளவு வேலை எப்படி இருக்கும்? அதற்கு நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது.

வீரப்பன் பெயரைக் கேட்டாலே ஒரு காலத்தில் எல்லைக் கிராமங்கள் நடுங்கின. தமிழ்நாட்டுப் போலீசும் கர்நாடகப் போலீசும் பல ஆண்டுகள் காட்டில் தேடின. 2000-ம் ஆண்டு ஜூலையில் கன்னட நடிகர் ராஜ்குமாரை அவன் கடத்திப் போனான். 108 நாட்கள் காட்டில் வைத்திருந்தான். அப்போது எல்லையின் இரண்டு பக்கமும் இருந்த பதற்றத்தை ஓசூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

2004 அக்டோபர் 18. தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே இரவில் ஓர் ஆம்புலன்ஸ் வந்தது. உள்ளே வீரப்பனும் அவன் கூட்டாளிகள் மூவரும் இருந்தனர். வண்டியை ஓட்டி வந்தது போலீஸ்காரர்! சாலையில் காத்திருந்த தமிழ்நாடு அதிரடிப்படை வண்டியை மடக்கியது. விஜயகுமார் அந்தப் படையின் தலைவர். சுமார் 20 நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த 20 நிமிடத்தைத்தான் நாம் பேசுகிறோம். அதற்கு முன்னால் நடந்தது என்ன?

வீரப்பனுக்குக் கண் பார்வை மங்கியிருக்கிறது என்ற செய்தி கிடைத்தது. காட்டை விட்டு வெளியே வந்து சிகிச்சை செய்துகொள்ள விரும்புகிறான் என்று தெரிந்தது. அந்தச் சிறு நூலைப் பிடித்துக்கொண்டு மாதக் கணக்கில் வேலை செய்தார்கள். அவனுடைய நம்பிக்கையைப் பெறும்படி ஆட்களை உள்ளே விட்டார்கள். அவனே விரும்பி அந்த வண்டியில் ஏறும்படி செய்தார்கள். போலீசார் சிறு வியாபாரிகள் போலவும் கூலி ஆட்கள் போலவும் கிராமங்களில் தங்கியிருந்தார்கள் என்று அப்போது செய்திகள் கூறின.

அந்தப் போலீசார் ஐ.பி.யைச் சேர்ந்தவர்கள் அல்ல. மாநிலத்தின் அதிரடிப்படைக்காரர்கள். ஆனால் செய்தது உளவு வேலைதான்.

சுட்டது சில நிமிடம். காத்திருந்தது பல மாதம். உளவு வேலையில் பெரும் பகுதி காத்திருப்பதுதான். காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான். கேட்டதை ஒழுங்காக எழுதுவதுதான்.

மத்திய உளவுத் துறையில் சேருகிறவர்களில் பலருக்கு அன்றாட வேலை என்ன? பத்திரிகை படிப்பது, பல பேரிடம் பேசுவது, குறிப்பு எழுதுவது, பழைய குறிப்போடு ஒத்துப் பார்ப்பது, அறிக்கை தயாரிப்பது. மேஜை, நாற்காலி, காகிதம், கம்ப்யூட்டர். இதில் சலிப்பு வரும். சலிப்பைத் தாங்குகிறவனுக்குத்தான் இந்த வேலை.

கிருஷ்ணகிரி கண்ட உளவு அதிகாரிகள்

இதற்கு இன்னும் பழைய சாட்சி கிருஷ்ணகிரியிலேயே இருக்கிறது.

கிருஷ்ணகிரி மலைக்கோட்டை ஒரு காலத்தில் ஹைதர் அலிக்கும், பின்னர் திப்பு சுல்தானுக்கும் உரியதாக இருந்தது. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கைப்படி பாராமகால் சீமை ஆங்கிலக் கம்பெனிக்குப் போயிற்று. கிருஷ்ணகிரி அந்தச் சீமையில் சேர்ந்தது.

அந்தச் சீமையை ஆளக் கம்பெனி யாரை அனுப்பியது? கேப்டன் அலெக்சாண்டர் ரீட் என்பவரை. அவருக்கு உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. பின்னாளில் சென்னைக் கவர்னராக ஆனாரே, அதே மன்றோதான்!

இவர்கள் இருவரும் அதற்கு முன் என்ன வேலை செய்தார்கள் தெரியுமா? கம்பெனிப் படையின் உளவுப் பிரிவில் இருந்தார்கள்! ரீட் தலைவர். மன்றோ 1788 முதல் அவருக்கு உதவியாளர்.

அவர்கள் நம் நாட்டை அடிமைப்படுத்த வந்தவர்கள். அதை மறக்க வேண்டாம். ஆனால் ஒரு பாடத்தை எடுத்துக்கொள்ளலாம். மன்றோ இந்த நாட்டு மொழிகளைக் கற்றுக்கொண்டார். ஊர் ஊராகப் போனார். குடியானவனிடம் நேரில் பேசினார். கேட்டதை எழுதி வைத்தார். துப்பாக்கியைவிட மொழி பெரிய ஆயுதம் என்று தெரிந்து வைத்திருந்தார்.

அந்த ஆயுதம் நம்மிடம் இல்லையா?

ஓசூர்ப் பக்கத்துக் குழந்தையைப் பாருங்கள். வீட்டில் தெலுங்கு. பள்ளியில் தமிழ். சந்தையில் கன்னடம். கிருஷ்ணகிரிக்குப் போனால் உருதும் காதில் விழுகிறது. சூசூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளிக்குப் போனால் பெயர்ப் பலகையே வேறு எழுத்து. பத்து வயதுப் பையன் மூன்று மொழியில் பேரம் பேசுகிறான்!

இதை நாம் ஒரு பெருமையாக நினைப்பதே இல்லை. "எந்த மொழியும் ஒழுங்காக வரவில்லை" என்று வருத்தப்படுகிறோம்.

பாதுகாப்பு உதவியாளர் பரீட்சையில் மொழிக்கு என்ன மதிப்பு என்று பாருங்கள். அந்தந்த மாநிலத்துக்கு எந்தெந்த மொழி என்று விளம்பரத்திலேயே போட்டிருக்கிறார்கள். அதில் ஒரு மொழியைப் படிக்க, எழுத, பேசத் தெரிந்திருக்க வேண்டும். அந்த மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கும், ஆங்கிலத்திலிருந்து அந்த மொழிக்கும் மொழிபெயர்க்கச் சொல்லிப் பரீட்சை வைக்கிறார்கள்.

ஆகவே பேசத் தெரிந்தால் மட்டும் போதாது. எழுதவும் படிக்கவும் வேண்டும். வீட்டில் தெலுங்கு பேசுகிற பிள்ளை, அந்த எழுத்தையும் கற்றுக்கொள்ளட்டும். தமிழைப் பிழையில்லாமல் எழுதட்டும். ஆங்கிலத்தை அச்சமின்றிப் படிக்கட்டும். தரகனுக்குக் கொடுக்கும் 5 லட்சத்தைவிட, ஒரு நோட்டுப் புத்தகமும் ஓர் அகராதியும் அதிகப் பலன் தரும்.

பெண்களுக்கு இடம் உண்டா?

"இது ஆண் பிள்ளைகள் வேலை" என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அதுவும் தவறு. மத்திய உளவுத் துறைப் பரீட்சைகளுக்குப் பெண்களும் மனுச் செய்யலாம்.

கிருஷ்ணகிரிக் கோட்டையை வைத்திருந்த திப்பு சுல்தானின் வம்சத்தில் ஒரு பெண் பிறந்தார். பெயர் நூர் இனாயத் கான். குழந்தைகளுக்குக் கதை எழுதியவர். மெல்லிய சுபாவம் உள்ளவர். இரண்டாம் உலகப் போரில், ஜெர்மானியர் பிடியில் இருந்த பிரான்சு நாட்டுக்கு 1943 ஜூனில் ரகசியமாக அனுப்பப்பட்டார். கம்பியில்லாத் தந்திக் கருவி மூலம் லண்டனுக்குச் செய்தி அனுப்புவது அவர் வேலை.

அவர் போய்ச் சேர்ந்த சிறிது காலத்திலேயே கூட இருந்தவர்கள் பலர் பிடிபட்டார்கள். "திரும்பி வந்துவிடு" என்று லண்டனிலிருந்து சொன்னார்கள். அவர் மறுத்தார். "நான் வந்துவிட்டால் செய்தி அனுப்ப ஆள் இல்லை" என்பதே காரணம். அக்டோபரில் பிடிபட்டார். 1944 செப்டம்பர் 13-ந் தேதி தாக்கௌ சிறை முகாமில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1949-ல் பிரிட்டிஷ் அரசு ஜார்ஜ் சிலுவை விருதை அளித்தது.

அவர் மாடிக்கு மாடி தாவவில்லை. ஒரு பெட்டியின் முன் உட்கார்ந்து செய்தி அனுப்பினார். வீரம் அங்கேதான் இருந்தது.

சம்பளம் எவ்வளவு? விலை எவ்வளவு?

"உளவுத் துறையில் கணக்கில்லாத பணம்" என்பது இன்னொரு கற்பனை.

பாதுகாப்பு உதவியாளருக்கு அடிப்படைச் சம்பளம் 21,700 ரூபாயில் தொடங்குகிறது. உதவி மத்திய உளவு அதிகாரிக்கு 44,900 ரூபாயில் தொடங்குகிறது. அதோடு அகவிலைப்படி உண்டு. அடிப்படைச் சம்பளத்தில் நூற்றுக்கு 20 வீதம் சிறப்புப் பாதுகாப்புப் படி உண்டு. கௌரவமான சர்க்கார் சம்பளம். அவ்வளவுதான். பங்களாவும் இல்லை, தீவும் இல்லை.

ஆனால் இதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டும். அதைப் பெற்றோர் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தியாவில் எந்த மூலைக்கும் மாற்றுவார்கள். காஷ்மீருக்கும் அனுப்பலாம், நாகாலாந்துக்கும் அனுப்பலாம்.

ஓசூர் ஆலைகளில் தொழிலாளிக்குச் சங்கம் உண்டு. கொடி உண்டு. கோரிக்கை உண்டு. இங்கே சங்கம் கிடையாது. 1985-ல் இதற்கென்றே ஒரு சட்டம் வந்திருக்கிறது. உளவுத் துறை ஊழியர்கள் தொழிற்சங்கத்தில் சேரக் கூடாது. அனுமதி இல்லாமல் பத்திரிகைக்குப் பேசக் கூடாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய விலை ஒன்று உண்டு. பெருமை பேச முடியாது! மகன் பெரிய காரியம் செய்திருப்பான். தாய்க்கே தெரியாது. கல்யாண வீட்டில், "பையன் என்ன செய்கிறான்?" என்று கேட்டால், "சென்ட்ரல் கவர்ன்மெண்டில் வேலை" என்று சொல்லி நிறுத்திக்கொள்ள வேண்டும்.

திருக்குறளில் 'ஒற்றாடல்' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. ஒற்றனுக்குப் பலர் அறியப் பரிசு கொடுக்காதே என்கிறார் வள்ளுவர். கொடுத்தால் ரகசியத்தை நாமே வெளியில் விட்டதாகிவிடும் என்கிறார்.

இங்கே ஒரு வேடிக்கையைப் பாருங்கள். உண்மையான உளவு அதிகாரி தன் வேலையைச் சொல்லமாட்டார். சிங்க முத்திரை அட்டையைத் தூக்கிக் காட்டி, "நான் உளவுத் துறை" என்று மிரட்டுகிறானே, அவன்தான் போலி!

பொய் சொல்லும் வேலையா?

"உளவாளி என்றால் பொய்யன்" என்று நினைக்கிறார்கள். வேடம் போடலாம். பெயரை மறைக்கலாம். ஆனால் மேலே அனுப்பும் அறிக்கையில் ஒரு பொய் இருக்கக் கூடாது. அங்கே ஒரு வரி பொய்யானால் ஒரு மனிதனின் வாழ்க்கை நாசமாகிவிடும்.

நாகர்கோவிலில் பிறந்த விஞ்ஞானி நம்பி நாராயணனை நினைத்துப் பாருங்கள். ராக்கெட் என்ஜின் நிபுணர். 1994 நவம்பரில், ராக்கெட் ரகசியத்தை வெளிநாட்டுக்கு விற்றதாகச் சொல்லிக் கேரளப் போலீசார் கைது செய்தார்கள். ஐ.பி. அதிகாரிகளும் அவரை விசாரித்தார்கள். சுமார் 50 நாட்கள் சிறையில் இருந்தார். 1996-ல் சி.பி.ஐ. விசாரித்து, குற்றச்சாட்டு உண்மையல்ல என்று கோர்ட்டில் சொன்னது. 2018 செப்டம்பர் 14-ந் தேதி, அவருக்கு 50 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது.

கைதானபோது வயது 52. சுப்ரீம் கோர்ட்டின் நஷ்டஈட்டுத் தீர்ப்பு வந்தபோது 76. நடுவில் போன 24 ஆண்டுகளை எந்தக் கோர்ட்டு திருப்பிக் கொடுக்கும்?

ஒரு ஒற்றன் சொன்னதை இன்னொரு ஒற்றனைக் கொண்டு சரிபார் என்றும் வள்ளுவர் சொல்லியிருக்கிறார். மூன்று பேர் சொல்வது ஒத்துப்போனால்தான் நம்பு என்கிறார். அந்த விதியை மறந்தால் நிரபராதி சிறைக்குப் போவான்.

ஐ.பி.க்கும் 'ரா'வுக்கும் பார்லிமெண்டு இயற்றிய தனிச் சட்டம் எதுவும் இல்லை. என் அபிப்பிராயத்தில் அது ஒரு குறைதான். இவ்வளவு சக்தி உள்ள துறைகளுக்கு ஒரு வேலி வேண்டும். வேலி வரும்வரை, உள்ளே இருக்கிறவர்களின் மனசாட்சிதான் வேலி. அதனால்தான் நல்ல பிள்ளைகள் இந்தத் துறைக்குப் போக வேண்டும் என்கிறேன். 5 லட்சம் கொடுத்து உள்ளே நுழைய நினைக்கிறவனுக்கு அந்த மனசாட்சி எங்கிருந்து வரும்?

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை

பிள்ளை உளவுத் துறைக்குப் போக ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். பயப்படாதீர்கள். ஆனால் நான்கு காரியம் செய்யுங்கள்.

தினமும் பத்திரிகை படிக்கச் சொல்லுங்கள். நாட்டு நடப்பு, பொது அறிவு, கணக்கு, யுக்திக் கேள்வி, ஆங்கிலம் ஆகியவைதான் முதல் பரீட்சை. ஒரு மணி நேரத்தில் 100 கேள்விகள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பார்கள்.

வீட்டில் பேசும் மொழியை எழுதக் கற்றுக் கொடுங்கள்.

நாவடக்கம் பழக்குங்கள். பக்கத்து வீட்டு ரகசியத்தை ஊருக்குச் சொல்கிறவன் நாட்டு ரகசியத்தைக் காப்பானா?

விளம்பரம் உண்மையா என்று உள்துறை அமைச்சகத்தின் இணையதளத்தில் பாருங்கள். பார்க்கத் தெரியாவிட்டால் பள்ளி ஆசிரியரிடம் கேளுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. கேட்டால் வேலை போய்விடும் என்று சொல்கிறவனிடம் வேலையே இல்லை!

ஓசூர் பஸ் நிலையத்தில் பார்த்த பெரியவரிடம் இவ்வளவும் சொன்னேன். முதலில் அவர் நம்பவில்லை. மகனுக்குப் போன் போட்டுக் கொடுத்தார். பையன் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவன். நல்ல மார்க்கு. உளவுத் துறைக்குப் பரீட்சை உண்டு என்பதே அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. "அப்படியானால் நானே எழுதலாமா சார்?" என்று கேட்டான்.

"எழுதலாம் தம்பி. ஆனால் முதலில் 1930-க்குப் போன் செய்" என்றேன்.

போன 60 ஆயிரம் வருமோ, வராதோ. அடகுச் சங்கிலியைத் திருப்ப எத்தனை அறுவடை ஆகுமோ. ஆனால் மீதி 4 லட்சத்து 40 ஆயிரம் தப்பியது.

பெங்களூர் பஸ் வந்தது. கண்டக்டர் கூவினார். பெரியவர் எழுந்தார். துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"நான் ஊருக்கே திரும்பிப் போறேனுங்க" என்று சொல்லிவிட்டு, தேன்கனிக்கோட்டை பஸ் நிற்கும் பக்கம் நடந்தார்.